பூட்டைத் திறப்பது யார்? – கணினிக் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிஸ்க் பூட்டைப் பற்றியும், ‘என் கோப்பை என்னாலேயே திறக்க முடியவில்லை’ என்ற புகாரைப் பற்றியும் இருந்தன. அதனால் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது, பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடம் தவிர, ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். விண்டோஸ் கட்டளைகளுக்குக் கமாண்ட் பிராம்ப்ட்டை வலது கிளிக் செய்து, நிர்வாகியாகத் திறக்க வேண்டும். சாதாரணமாகத் திறந்தால் அனுமதி இல்லை என்றுதான் பதில் வரும்.

கேள்வி: தஞ்சாவூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், அம்மா. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் என் லேப்டாப்பின் பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து நீலத் திரையில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்கிறது. வாங்கிய புதிதில் அதை டைரியில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஐந்தாவது தொகுப்பில் தவறு என்று நின்றுவிடுகிறது. கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கோப்புகள் உள்ளே இருக்கின்றன.

பதில்: அந்த டைரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஓர் இலக்கம்தான் பிசகியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

மீட்பு எண் எனப்படும் இந்த 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுத் தொகுப்பு. ஒவ்வொரு தொகுப்பும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைக்கப்பட்டது. 0 முதல் 65535 வரையுள்ள ஓர் எண்ணை 11-ஆல் பெருக்கித்தான் ஒவ்வொன்றையும் உருவாக்குகிறார்கள். ஆகவே எந்தத் தொகுப்பும் 720885-ஐத் தாண்டாது. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலோ, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலோ இந்த வகுபடுதன்மை கெட்டுவிடும். திரை உங்களை ஐந்தாவது தொகுப்பிலேயே நிறுத்துவது இதனால்தான். மற்ற ஏழும் தேறினால் அவற்றைத் தொட வேண்டாம்.

இனி பேனாவை எடுங்கள். முதல் இலக்கத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, நான்காவதைக் கழித்து, ஐந்தாவதைக் கூட்டி, ஆறாவதைக் கழியுங்கள். பூஜ்யமோ, 11-இன் மடங்கோ வந்தால் அந்தத் தொகுப்பு சரி. எடுத்துக்காட்டுக்கு நானே அமைத்த ஓர் எண்: டைரியில் 411252 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4-1+1-2+5-2 போட்டால் 5 வருகிறது, தவறு. ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றிச் சரியாக்க எத்தனை வழி உண்டு? ஓர் இடத்துக்கு ஒன்றுக்கு மேல் கிடைக்காது. இந்த எண்ணுக்கு 461252, 417252, 411752, 411202, 411257 என்று ஐந்தே வருகின்றன. அவசரத்தில் 7-ஐ 1 போல எழுதுகிற கை உங்களுடையது என்றால் முதலில் 417252-ஐப் போட்டுப் பாருங்கள். உங்கள் கையெழுத்தை உங்களைவிட யாரும் நன்றாக அறிய மாட்டார்கள். 1-ம் 7-ம், 3-ம் 8-ம், 0-ம் 6-ம் எப்படி விழும் என்று டைரியின் மற்றப் பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டுத் தொகுப்பும் தேறி, இப்படிக் கிடைக்கும் எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தும் திறக்கவில்லை என்றால், அது வேறொரு டிரைவின் எண்ணாகவோ, பழைய எண்ணாகவோ இருக்கலாம். நீலத் திரையிலேயே சாவியின் அடையாளக் குறி இருக்கும். எண்ணை எழுதிய இடத்தில் அந்தக் குறியும் இருந்தால் முதல் எட்டு எழுத்தை ஒப்பிடுங்கள். இல்லையென்றால் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கிலோ, அலுவலக நிர்வாகியிடமோ அதே குறியுள்ள எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுப்பது. பிறகு ‘மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -கெட் சி:’ என்று தட்டுங்கள். மேனேஜ் என்ற சொல், இடைவெளி இல்லாமல் ஒரு சிறுகோடு, பி, டி, இ ஆகிய மூன்று எழுத்து. இதுதான் பிட்லாக்கரைக் கட்டளையால் இயக்கும் கருவியின் பெயர். அந்த டிரைவைத் திறக்கும் சாவிகள் எவையெவை, ஒவ்வொன்றின் குறி என்ன, 48 இலக்கம் என்ன என்று அது திரையில் காட்டும். அதை அச்சிட்டுக்கொள்ளுங்கள். இனிக் கையால் எழுத வேண்டாம்.

பயாஸை மாற்றியதும் எண் கேட்டது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். டிபிஎம் என்ற சில்லு, கணினி எப்படித் தொடங்குகிறது என்பதை அளந்து வைத்திருக்கிறது. அளவு பழையபடி இருந்தால்தான் சாவியைக் கொடுக்கும். பயாஸ் மாறினால் அளவும் மாறிவிடலாம். சில்லுக்கு அது அந்நியக் கணினியாகத் தெரிகிறது. ஆகவே அப்டேட்டுக்கு முன் ‘மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிசேபிள் சி: -ரீபூட்கவுன்ட் 2’ என்று கொடுத்தால், இரண்டு முறை கணினி மறுதொடக்கம் ஆகும்வரை பூட்டு கேள்வி கேட்காது, பிறகு தானே விழித்துக்கொள்ளும். பூஜ்யம் என்று கொடுத்தால் நீங்கள் ‘-எனேபிள்’ சொல்லும்வரை விழிக்காது. பழுதுபார்க்கும் இடத்தில் இதைச் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும். செய்வார்கள் என்று நம்பி நீங்கள் சும்மா இருக்கக் கூடாது.

நான் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி மதர்போர்டு மாற்றிய லேப்டாப்போடு வந்தாள். நான்கு ஆண்டுக் களப்பணிக் குறிப்புகள், நேர்காணல்களின் ஒலிப்பதிவுகள், எல்லாம் உள்ளே. மீட்பு எண் எங்கே என்று கேட்டால், கடையில் யாரோ தொடங்கிக் கொடுத்த கணக்கில் இருக்கலாம் என்றாள். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவளிடமும் இல்லை, கடையிலும் இல்லை. டிஸ்க் நல்ல நிலையில்தான் இருந்தது. கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒலிப்பதிவில் இருந்த முதியவர்களில் இரண்டு பேர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கணினி என் மேசைக்கு வந்தாலும், திருகாணியைத் தொடும் முன் மீட்பு எண்ணின் காகிதத்தைக் கேட்கிறேன்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். விண்டோஸ் 11 ஹோம் போட்ட புது லேப்டாப். நான் எதையும் பூட்டவில்லை. ஆனால் ‘மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்’ என்று பார்த்தால், பயன்படுத்திய இடம் மட்டும் குறியாக்கப்பட்டது, 100 சதவீதம் என்று ஒரு வரியும், பாதுகாப்பு இல்லை என்று இன்னொரு வரியும் வருகின்றன. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மை. டிஸ்க்கில் எழுதப்படுவதெல்லாம் குறியாக்கப்பட்டே எழுதப்படுகிறது. ஆனால் அதைத் திறக்கும் சாவி அதே டிஸ்க்கில் மறைக்கப்படாமல் கிடக்கிறது. கதவைப் பூட்டிச் சாவியை அந்தப் பூட்டிலேயே விட்டுவைத்த மாதிரி. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, மீட்பு எண் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் சாவியை எடுத்துக்கொள்வார்கள். அதுவரை இந்த நிலை நீடிக்கும். கணினிக்குள்ளேயே இருக்கும் உள்ளூர்க் கணக்கோடு நீங்கள் நிறுத்திக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

‘பயன்படுத்திய இடம் மட்டும்’ என்பது புது டிஸ்க்குக்குப் போதும். பழைய டிஸ்க் என்றால் போதாது. நீங்கள் முன்பு அழித்த கோப்புகளின் மிச்சங்கள் காலி இடத்தில் குறியாக்கப்படாமல் கிடக்கும். ‘மேனேஜ்-பிடிஇ -டபிள்யூ சி:’ என்று கொடுத்தால் காலி இடத்தைத் துடைத்துவிடும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள், நேரம் எடுக்கும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவன். என் உபுண்டு லேப்டாப்பில் ஒரு வெளி டிஸ்க்கை, லினக்ஸின் டிஸ்க் பூட்டான லக்ஸ் முறையில் பூட்டி வைத்திருக்கிறேன். அண்ணாவின் கணினியில் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே டிஸ்க்கைச் செருகினால் கடவுச்சொல்லை ஏற்கிறது, ஆனால் கோப்புகளைத் திருத்த விடவில்லை. உரிமையாளர் என்று அண்ணாவின் பெயரைக் காட்டுகிறது. அவர் ஏதும் மாற்றிவிட்டாரா? பூட்டு பழுதாகிவிட்டதா?

பதில்: தம்பி, அண்ணா எதையும் தொடவில்லை. பூட்டும் நன்றாக இருக்கிறது. நீங்கள் இரண்டு கதவுகளை ஒன்றாக நினைத்துவிட்டீர்கள். லக்ஸ் முதல் கதவு. கடவுச்சொல்லை ஏற்றதும் அதன் வேலை முடிந்தது. இரண்டாவது கதவு, ஒவ்வொரு கோப்பிலும் எழுதியிருக்கும் உரிமையாளர் எண்.

எண் என்றுதான் சொல்கிறேன், பெயர் இல்லை. லினக்ஸ் டிஸ்க்கில் உங்கள் பெயர் எங்கேயும் எழுதப்படுவதில்லை. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் கணக்குக்கு 1000 என்ற எண் விழும், அடுத்ததற்கு 1001. உங்கள் லேப்டாப்பில் நீங்கள்தான் 1000. அண்ணாவின் கணினியில் அவர் 1000, நீங்கள் 1001. டிஸ்க்கில் 1000 என்று இருப்பதைப் பார்த்த அவருடைய கணினி, தன் பதிவேட்டைப் புரட்டி, ‘1000 என்றால் அண்ணா’ என்று படித்துச் சொல்கிறது. ‘எல்எஸ் -எல்என்’ என்று தட்டுங்கள். கடைசியில் வரும் என் என்ற எழுத்து, பெயராக மாற்றாமல் எண்ணையே காட்டச் சொல்வது. இரண்டு கணினியிலும் 1000 என்றே வரும். அதைப் பார்த்தால் உங்கள் சந்தேகம் தீர்ந்துவிடும். அண்ணாவிடம் ஏற்கெனவே கேட்டுச் சண்டை போட்டிருந்தால் அதையும் காட்டிவிடுங்கள்.

சரிசெய்ய, உரிமையாளரை 1001 என்று மாற்றலாம். பலரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் டிஸ்க் உங்கள் லேப்டாப்புக்குத் திரும்பியதும் அதே தொல்லை அங்கே தொடங்கும். இரண்டு கணினியிலும் யாருக்கும் இல்லாத ஓர் எண்ணை, 1500 என்று வைத்துக்கொள்ளுங்களேன், உங்கள் கணக்குக்குக் கொடுப்பதே நிலையான தீர்வு. ‘யூசர்மாட் -யு 1500’ என்றும் பின்னால் உங்கள் கணக்குப் பெயரும். அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, வேறு நிர்வாகிக் கணக்கிலிருந்து செய்ய வேண்டும். உங்கள் வீட்டுக் கோப்புறையில் (ஹோம்) உள்ள கோப்புகளின் எண்ணை அந்தக் கட்டளையே மாற்றிவிடும். வெளி டிஸ்க்கில் உள்ளவற்றை நீங்கள்தான் மாற்ற வேண்டும். அதற்குச் ‘சிஹெச்ஓன் -ஆர் --ஃப்ரம்=1000 1500’, பின்னால் டிஸ்க்கின் பாதை. இதில் ஆர் மட்டும் பெரிய எழுத்து. ‘ஃப்ரம்’ என்பதை விட்டுவிடாதீர்கள். 1000-க்கு உரிய கோப்புகளை மட்டும் மாற்றி மற்றவற்றை விட்டுவைப்பது அதுதான். லினக்ஸ் கருநிரல் (கெர்னல்) 5.12-இலிருந்து, டிஸ்க்கில் எதையும் மாற்றாமல், அதைக் கணினியோடு இணைக்கும்போதே (மவுன்ட்) ஓர் எண்ணை இன்னோர் எண்ணாகக் காட்டச் சொல்லும் வசதியும் வந்துவிட்டது. ஆனால் உங்கள் இரண்டு கணினிக்கு அவ்வளவு வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். லக்ஸ் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு தலைப்பகுதி இருக்கிறது. உண்மையான சாவி, உங்கள் கடவுச்சொல்லால் மூடப்பட்டு அங்கேதான் இருக்கிறது. அந்தச் சில மெகாபைட் சேதமானால் கடவுச்சொல் நினைவிருந்தும் பயனில்லை. ‘கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஹெடர்பேக்கப்’ என்ற கட்டளையால் (ஹெடரின் ஹெச்சும் பேக்கப்பின் பியும் பெரிய எழுத்து) அதை இன்றே நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஆனால் கவனம்: பிறகு கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய நகலைப் பழைய கடவுச்சொல்லே திறக்கும். மாற்றும்போதெல்லாம் புது நகல் எடுத்துப் பழையதை அழியுங்கள்.

கேள்வி: சிவகாசியில் ஓர் அச்சகத்தின் வடிவமைப்புப் பிரிவு. லினக்ஸ் சர்வரில் உள்ள கோப்புறையை, நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறையான என்எஃப்எஸ் வழியாக விண்டோஸ் கணினிகள் பயன்படுத்துகின்றன. விண்டோஸிலிருந்து சேமித்த கோப்புகளுக்கெல்லாம் சர்வரில் உரிமையாளர் 4294967294 என்று வருகிறது. அப்படி ஓர் ஆளே எங்களிடம் இல்லை. ஒரு பழைய கையேட்டில் மேப்அட்மின் என்ற கட்டளையைச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: அந்த எண் வைரஸ் இல்லை, பயப்பட வேண்டாம். 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 4294967296. அதிலிருந்து இரண்டைக் கழியுங்கள். அதாவது விண்டோஸ் அனுப்பியது ‘-2’ என்ற எண். கழித்தல் குறி தெரியாத இடத்தில் அது இப்படி நீண்டுவிட்டது. ‘இந்த ஆளுக்கு லினக்ஸில் என்ன எண் என்று எனக்குத் தெரியாது’ என்பதை விண்டோஸ் சொல்லும் முறை அது. விண்டோஸில் ‘மவுன்ட்’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள்; யுஐடி=-2 என்று அங்கேயே இருக்கும். யுஐடி என்பது பயனர் எண், ஜிஐடி என்பது குழு எண்.

மேப்அட்மின் என்பது விண்டோஸ் பயனரையும் யுனிக்ஸ் பயனரையும் இணைத்து வைத்த பழைய சேவைக்கான கட்டளை. ‘மேப்அட்மின் லிஸ்ட் -ஆல்’ என்றால் இணைப்புகளைக் காட்டும், ‘ஆட்’ என்றால் சேர்க்கும். விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2 காலத்தில் அதற்கு நல்ல மதிப்பு இருந்தது. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் அதை எடுக்கக் கூடாது. எல்லாக் கணினிகளையும் ஒரே மையத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் வைத்திருக்கும் பெரிய அலுவலகத்தில், அதன் மையப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியிலேயே ஒவ்வொருவருக்கும் யுஐடி, ஜிஐடி எண்களை எழுதிவிடலாம். உங்களைப் போன்ற சிறிய இடத்தில், விண்டோஸ் கணினியின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்ற இடத்தில் ‘பாஸ்வர்ட்’ என்பதன் யுனிக்ஸ் சுருக்கமான ‘பாஸ்டபிள்யுடி’, ‘குரூப்’ என்று இரண்டு உரைக்கோப்புகளை வைக்கலாம். லினக்ஸில் இருப்பது போலவே ஒரு வரிக்கு ஓர் ஆள்: விண்டோஸ் பெயர், எக்ஸ் என்ற எழுத்து, யுஐடி, ஜிஐடி, விவரம், வீட்டுக் கோப்புறை, இடையில் முக்காற்புள்ளிகள். பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்பேட் அதைச் சேர்த்துவிடும். என்னை ஒரு முழு மாலை அலைய வைத்திருக்கிறது. பிறகு ‘என்எஃப்எஸ்அட்மின் கிளையன்ட் ஸ்டாப்’, ‘ஸ்டார்ட்’ என்று கொடுத்துவிட்டு மறுபடி ‘மவுன்ட்’ பாருங்கள். சரியான எண் வந்திருக்க வேண்டும்.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ‘அனானிமஸ்யுஐடி’ என்ற மதிப்பைப் போட்டால் தீரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தீரும்தான். ஆனால் அந்தக் கணினியில் யார் உட்கார்ந்தாலும் சர்வருக்கு ஒரே ஆளாகத் தெரிவார்கள். யார் எந்தக் கோப்பை மாற்றினார் என்று பிறகு சொல்லவே முடியாது. அச்சுக்குப் போகும் கோப்பில் அது பெரிய ஆபத்து.

பழைய கோப்புகளுக்கு: சர்வரில் ‘ஃபைண்ட்’ கட்டளைக்கு ‘-யுஐடி 4294967294’ கொடுத்து, முதலில் பட்டியலை மட்டும் பாருங்கள். எவை யாருடையவை என்று பிரித்த பிறகே சிஹெச்ஓன்.

இவ்வளவு சொன்னாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால், லினக்ஸ் கோப்புறையை விண்டோஸின் சொந்தப் பகிர்வு முறையிலேயே கொடுக்கும் சாம்பாவுக்கு மாறிவிடுவேன். என்எஃப்எஸ் வழக்கமான அமைப்பில், வருகிற கணினி ‘நான் 1001’ என்று சொன்னால் சர்வர் அப்படியே நம்புகிறது. பெயர் இணைப்பு என்பது பூட்டு ஆகாது. சாம்பா கடவுச்சொல் கேட்கும். அதன் அமைப்புக் கோப்பில் ‘யூசர்நேம் மேப்’ என்று ஒரு கோப்பைக் காட்டிவிட்டால், அதில் இடப்புறம் லினக்ஸ் பெயர், சமக்குறி, வலப்புறம் விண்டோஸ் பெயர் என்று எழுதலாம். விண்டோஸ் பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். கடவுச்சொல்லை ‘எஸ்எம்பிபாஸ்டபிள்யுடி -ஏ’ என்று லினக்ஸ் பெயருக்கே அமைக்க வேண்டும். முடித்ததும் ‘டெஸ்ட்பார்ம்’ என்று ஒருமுறை தட்டினால், அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் காட்டிவிடும்.

கேள்வி: ஈரோட்டில் ஒரு பள்ளி அலுவலகம். சுமார் முப்பது கணினிகள், டொமைன் கிடையாது. எல்லா மீட்பு எண்களையும் ஓர் எக்செல் கோப்பில் போட்டுப் பொதுக் கோப்புறையில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே சிவகாசி வாசகருக்குச் சொன்னதைப் படித்தீர்களா? அந்தக் கோப்புறையை யார் திறக்கிறார்கள் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. டொமைன் இருந்தால் ‘-ப்ரொடெக்டர்ஸ் -ஏடிபேக்கப்’ என்ற கட்டளையால் எண்ணை மையப் பதிவேட்டுக்கு அனுப்பியிருக்கலாம். உங்களுக்குக் காகிதம்தான் சரி. கணினிக்கு ஒரு தாள் அச்சிடுங்கள். தாளின் மூலையில் சாவிக் குறியின் முதல் எட்டு எழுத்தும், கணினியின் வரிசை எண்ணும் பெரிதாகத் தெரியட்டும். உறையிலிட்டு ஒட்டித் தலைமையாசிரியர் அறை அலமாரியில் வையுங்கள். யாராவது உறையைத் திறந்து எண்ணைப் பயன்படுத்திவிட்டால், அன்று மாலையே ‘மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -ஆட் சி: -ரெகவரிபாஸ்வர்ட்’ என்று புது எண்ணைச் சேர்த்து, புதுத் தாள் அச்சான பிறகு மட்டும், பழையதை அதன் குறியைக் கொடுத்து ‘-டெலீட்’ செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அழித்துவிட்டு, சேர்ப்பதற்குள் மின்சாரம் போன ஓர் அலுவலகத்தை எனக்குத் தெரியும்.